பிலானெஸ்பர்க்ல ஒரு நாள்: டூர் வண்டில 2 மணி நேரம், சொந்த கார்ல 8 மணி நேரம்

மன்னார்குடிலேர்ந்து அப்பா அம்மா ரெண்டு பேரும் ஜூன் கடைசில ஜோஹன்னஸ்பர்க் வந்தாங்க. வந்து ஒரு வாரம் மால், பார்க், கோயில்னு சுத்திக் காட்டிட்டு இருந்தோம், அப்பா ஒரு நாள் காபி குடிச்சிக்கிட்டே மெதுவா கேட்டாரு, "ஏம்மா, ஊருக்குப் போனா எல்லாரும் மொதல்ல சிங்கம் பாத்தியான்னு தான் கேப்பாங்க, நான் என்ன சொல்றது?" அப்படின்னு. அப்பவே முடிவு பண்ணிட்டோம்.

க்ரூகர் தேசியப் பூங்கா போகணும்னா எங்க வீட்லேர்ந்து ஒரு பக்கமே நாலரை அஞ்சு மணி நேரம், ரெண்டு ராத்திரியாவது தங்கணும், அதுவும் மலேரியா ஏரியா, ரெண்டு பேரும் எழுபது தாண்டினவங்க, ஏற்கனவே சுகர் பிரஷர்னு ஒரு டப்பா நெறைய மாத்திரை, அதோட மலேரியா மாத்திரையும் சேத்துக் குடுக்க எனக்கு மனசு வரல. பிலானெஸ்பர்க் வனவிலங்கு காப்பகம் மலேரியா இல்லாத இடம், ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல போயிரலாம், காலைல போயிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து தூங்கலாம். வயசானவங்க, சின்னப் பிள்ளைங்களோட போறவங்களுக்கு இது ரெண்டும் தான் பெரிய விஷயம்.

மொதல்லயே மார்க் சொல்லிடறேன். காட்டுக்கு 5க்கு 5. நாங்க காலைல பணம் கட்டி ஏறின தனியார் டூர் வண்டிக்கு 5க்கு 1, அந்த ஒன்னும் சிங்கத்தைக் காட்டினதுக்காக. ஏன்னு விவரமா எழுதறேன், ஏன்னா நாங்க பண்ண தப்பை இங்க இருக்கற நம்ம ஆளுங்க நெறைய பேர் ஊர்லேர்ந்து யாராச்சும் வரும்போது பண்றாங்க.

இடத்தைப் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன், தெரிஞ்சிட்டுப் போனா பாக்கறதே வேற மாதிரி இருக்கும். நூறு கோடி வருஷத்துக்கும் மேல பழைய ஒரு எரிமலையோட மிச்சம் தான் இந்த எடம், எரிமலை எப்பவோ செத்துப் போச்சு, அதோட அடிக்கட்டை மட்டும் தேஞ்சு தேஞ்சு வட்டம் வட்டமா மலையா நிக்குது. அந்த வட்டத்துக்கு நடுவாக்குல மான்க்வேன்னு ஒரு அணை. மொத்தம் 550 சதுர கிமீக்கு மேல. 1979ல தான் இதை காப்பகமா ஆக்கினாங்க, அதுக்கு முன்னாடி இங்க பண்ணைங்க இருந்துச்சு, பக்கட்லா மக்கள் மாடு மேய்ச்ச நிலமும் இதுக்குள்ள போயிருச்சு. மிருகம்னு பெருசா ஒன்னும் மிச்சம் இல்ல. ஆபரேஷன் ஜெனிசிஸ்னு பேர் வச்சு கிட்டத்தட்ட 6000 மிருகங்களை வேற வேற இடத்துலேர்ந்து லாரில ஏத்திட்டு வந்து இறக்கி விட்டாங்க. சிங்கம் அப்ப கூட இல்ல, 1993ல நமீபியால இருக்கற எட்டோஷாலேர்ந்து கொண்டு வந்தாங்க. அதாவது இன்னைக்கு நாம பாக்கற மொத்த காடும் என் வயசுக்காரங்க ஆயுசுக்குள்ள மறுபடி குடியேத்தினது. எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயமா படுது. அழிஞ்ச இடத்தைத் திரும்ப கொண்டு வரலாம்ங்கறதுக்கு கண்ணு முன்னாடி நிக்கற சாட்சி.

ஜூலை மாசம் இங்க குளிர்காலம், மழையே இருக்காது. புல்லு காஞ்சு படுத்திருக்கும், மரம் இலை உதுத்திருக்கும், தூரத்துல நிக்கறது கூட தெரியும், தண்ணி இருக்கற இடம் குறைஞ்சிட்டதால மிருகமெல்லாம் அங்க வந்து தான் ஆகணும். பாக்கறதுக்கு இது தான் சீசன். பச்சைப்பசேல்னு போட்டோ வேணும்னா டிசம்பர் ஜனவரி போங்க, மிருகம் வேணும்னா குளிர்ல போங்க. ஆனா குளிருன்னா நம்ம ஊர் மார்கழிக் குளிர் இல்ல. விடியக்காலை நாலு மணிக்கு கிளம்பினப்போ கார்ல 3 டிகிரி காட்டுச்சு. அம்மா புடவைக்கு மேல ஸ்வெட்டர், அதுக்கு மேல என் ஜாக்கெட், தலைல மப்ளர், கால்ல சாக்ஸ் ரெண்டு ஜோடி. இவ்வளவு போட்டும் பத்தல, அதைக் கீழ சொல்றேன்.

ராத்திரியே அம்மா இட்லி ஊத்தி மிளகாப்பொடி எண்ணெய் தடவி வச்சிட்டாங்க, தயிர்சாதம், மாவடு, ப்ளாஸ்க்ல காபி. டேங்க் முந்தின நாளே புல் பண்ணிடுங்க, இருட்டுல வழில நிக்காதீங்க. ஹைவேய விட்டு இறங்கினதும் ரோட்டுல மாடு, கழுதையெல்லாம் நிக்கும், லைட்டே இருக்காது, அதனால வேகம் வேணாம்.

கேட் குளிர்காலத்துல ஆறரைக்குத் திறப்பாங்க, சாயங்காலம் ஆறுக்கு மூடிருவாங்க. நாங்க மன்யானே கேட்டுல ஆறு இருபதுக்கே நின்னுட்டோம். டூர் வண்டிக்காரங்க ஆறரைக்கு கேட்டுல பிக்கப்னு மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. வந்தது ஏழு இருபது. அம்பது நிமிஷம். சூரியன் உதிக்கற அந்த நேரம் தான் மிருகம் நடமாடற நேரம், அதுக்காகத்தான் நாலு மணிக்கு எழுந்து ஓடி வந்தோம், அது கேட்டு வாசல்லயே போச்சு. போன் பண்ணா ஆன் தி வே ஆன் தி வேன்னு தான் பதில். வந்த வண்டி பக்கமெல்லாம் திறந்த வண்டி, மேல மட்டும் கூரை, பத்து பேர் உக்காரலாம், எங்களோட சேத்து ஒன்பது பேர், கம்பளி அஞ்சு தான் இருந்துச்சு. அப்பா அம்மாவுக்கு ஒன்னு வாங்கிக் குடுத்தேன், என் பொண்ணு என் மடில சுருண்டுகிட்டா.

அதுக்கப்புறம் நடந்தது தான் எனக்கு ரொம்ப வருத்தம். வண்டி ஓட்டினவர் காதுல ரேடியோ, எங்கயோ சிங்கம் இருக்குன்னு சேதி வந்துருச்சு, அவ்வளவு தான், பறந்தாரு. பார்க்குள்ள 40 கிமீக்கு மேல போகக் கூடாது, போர்டு அங்கங்க இருக்கு. மண் ரோட்டுல அவர் போன வேகத்துல முன்னாடி போற வண்டி கிளப்பின புழுதி மொத்தமும் எங்க மூஞ்சில. வழில ஒட்டகச்சிவிங்கி நாலு ரோட்டு ஓரத்துலயே நின்னுட்டு இருந்துச்சு, என் பொண்ணு "பாட்டி பாட்டி அங்க பாருங்க"ன்னு கத்தினா, அம்மா திரும்பறதுக்குள்ள வண்டி வளைவு தாண்டிருச்சு. அம்மா வாழ்க்கைல முதல் தடவை ஒட்டகச்சிவிங்கிய காட்டுல பாக்கறாங்க. ஒரு நிமிஷம் நிறுத்துங்கன்னு கேட்டேன், திரும்பி வரும்போது பாக்கலாம்னாரு. திரும்பி வேற வழில வந்தாரு.

சிங்கம் இருந்த இடத்துல ஏற்கனவே பதினாலு வண்டி. எங்களுது பதினஞ்சாவது. ரெண்டு பெண் சிங்கம், காஞ்ச புல்லுக்குள்ள படுத்திருந்துச்சு, நூறு நூத்தம்பது மீட்டர் தூரம் இருக்கும், புல்லு நிறமும் அது நிறமும் ஒன்னு. பைனாகுலர் வண்டில இல்ல. ஒரு காது ஆடுச்சு, ஒரு தடவை தலைய தூக்கிப் பாத்துட்டு திரும்ப படுத்துருச்சு. பின்னாடி வந்த வண்டிங்க இடத்துக்காக நெருக்கிக்கிட்டு நின்னாங்க, எஞ்சினை யாரும் அணைக்கல. அப்பா "பாத்தாச்சும்மா"ன்னாரு. அவர் குரல்ல சந்தோஷம் இல்ல, எனக்காக சொன்னாரு. ஒன்பதரைக்கு கேட்டுல கொண்டு வந்து விட்டப்போ அம்மாவுக்கு தொண்டை கட்டிக்கிச்சு. லேட்டா வந்ததுக்கு கொஞ்சமாச்சும் பணம் திருப்பிக் குடுங்கன்னு கேட்டதுக்கு சிங்கம் பாத்துட்டீங்களே, அப்புறம் என்னன்னு பதில். பேர் போடல, போட்டு சண்டை போடற நோக்கம் இல்ல. ஆனா புக் பண்றதுக்கு முன்னாடி மூனு கேள்வி கேளுங்க: வண்டில எத்தனை பேர், ஆளுக்கு ஒரு கம்பளி உண்டா, சிங்கம் மட்டும் தேடுவீங்களா இல்ல வழில நிறுத்தி எல்லாத்தையும் சொல்லித் தருவீங்களா. நல்ல கைடு கிடைச்சா அந்த மூனு மணி நேரம் பொக்கிஷம், எனக்குத் தெரிஞ்சவங்க அப்படிப் போயிட்டு வந்து சொல்லியிருக்காங்க. எங்களுக்கு அமையல.

வீட்டுக்கே போயிரலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. என் வீட்டுக்காரர் தான், "மாமா, இவ்வளவு தூரம் வந்துட்டோம், நம்ம கார்லயே ஒரு சுத்து போவோம்"னாரு. அப்பா "நீங்க ஓட்டுங்க மாப்ளை, மெதுவா போனா போதும்"னு முன் சீட்டுல ஏறிக்கிட்டாரு. இங்க சொந்த கார்ல போகலாம், அது தான் இந்த இடத்தோட பெரிய வசதி. முக்கியமான ரோடெல்லாம் தார் ரோடு, மத்தது மண் ரோடு, எங்களது சாதாரண கார் தான், ஒரு இடத்துலயும் சிக்கல. கேட்டுல மேப் வாங்கிக்கோங்க, சிக்னல் எல்லா இடத்துலயும் கிடைக்காது. ஜன்னல் ஏத்தி ஹீட்டர் போட்டதும் அம்மா முகத்துல உயிர் வந்துச்சு, காபி ஊத்திக் குடுத்தேன்.

ரோட்டுக்கெல்லாம் செட்ஸ்வானா மொழில மிருகங்க பேர் வச்சிருக்காங்க. தௌன்னா சிங்கம், த்லூன்னா யானை, குபுன்னா நீர்யானை, ட்ஷ்வெனேன்னா பபூன் குரங்கு, துத்ல்வான்னா ஒட்டகச்சிவிங்கி. என் பொண்ணு ஸ்கூல்ல கொஞ்சம் செட்ஸ்வானா படிக்கறா, ஒவ்வொரு போர்டுக்கும் தாத்தாவுக்குப் பாடம் நடத்தினா, தாத்தா அதை தப்பா சொல்ல சொல்ல இவ திருத்த, அந்த ஒரு மணி நேரம் கார்ல அவ்வளவு கலகலன்னு இருந்துச்சு.

முப்பது கிமீ வேகத்துல போனா தான் கண்ணுக்கு எல்லாம் தட்டுப்படுது. வரிக்குதிரையும், மாடு மாதிரி இருக்கற வில்டபீஸ்ட் மானும் ஒன்னா மேயுது. அது ஏன்னு அப்பா தான் சொன்னாரு, அவர் விவசாயி, மாட்டோட வாய பாத்தே தெரிஞ்சிக்குவாரு, "இந்தக் குதிரை மேலாக்குல இருக்கற தண்டைக் கடிக்குது, அது அடில இருக்கற குருத்தை மேயுது, ஒன்னுக்கொன்னு போட்டியே இல்ல பாரு"ன்னாரு. அப்புறம் வீட்டுக்கு வந்து படிச்சா அதே தான் எழுதியிருக்கு, வரிக்குதிரை உயரமான முரட்டுப் புல்லை எடுத்துக்கும், வில்டபீஸ்ட் குட்டைப் புல்லை எடுத்துக்கும். முள்ளு மரத்தைப் பாத்துட்டு "இது நம்மூரு கருவேலம் சாதி தானே"ன்னாரு. அதுவும் சரி, அதே குடும்பம் தான். ஒட்டகச்சிவிங்கி விரல் நீள முள்ளுக்கு நடுவுல நாக்கை விட்டு இலைய மட்டும் உருவி எடுக்குது, நாக்கு கருநீலமா அரை மீட்டருக்கு கிட்ட இருக்கு. காலைல தவற விட்டதுக்கு ஈடா அம்மா அதைக் கால் மணி நேரம் பாத்தாங்க. நாங்க எஞ்சினை அணைச்சிட்டோம். இலை பறிக்கற சத்தம் கூட கேட்டுச்சு.

நடு ரோட்டுல யானை சாணி. அப்பா கண்ணாடிய இறக்கி எட்டிப் பாத்து, "ஆவி வருது, இப்பதான் போயிருக்கு"ன்னாரு. குச்சி, பட்டை, நாரு எல்லாம் அப்படியே அரைகுறையா கிடந்துச்சு, யானை சாப்பிடறதுல பாதி கூட செரிக்காது. ரெண்டு வளைவு தாண்டினா கூட்டமா நின்னுச்சு. பதினோரு உருப்படி, அதுல மூனு குட்டி. என் வீட்டுக்காரர் அம்பது அறுபது மீட்டர் தள்ளியே நிறுத்தி கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து வச்சிக்கிட்டாரு. இது ரொம்ப முக்கியம், யானைக்கு வழிய விட்டு நிக்கணும், பின்னாடி போக நமக்கு இடம் வச்சிக்கணும், பின்னாடி இன்னொரு கார் ஒட்டி நின்னா முன்னாடி போகவே போகாதீங்க. ஹார்ன் கூடவே கூடாது.

அம்மாவுக்கு யானைன்னா எங்க ஊர் ராஜகோபாலசாமி கோயில் செங்கமலம் தான், அந்த பாப் கட்டிங் யானை, நெட்டுல பாத்திருப்பீங்க. அதையே மனசுல வச்சிக்கிட்டு பாத்தவங்களுக்கு காது சைஸ் பாத்து பிரமிப்பு, "காதா இது, மொறம் மாதிரி இல்ல, கதவு மாதிரி இருக்கு"ன்னாங்க. அப்புறம் குட்டிக்குப் பால் குடுத்துட்டு நின்ன யானைக்குத் தந்தம் இருந்ததைப் பாத்துட்டு "ஏண்டி, பொம்பள யானைக்கும் தந்தமா?"ன்னு கேட்டாங்க. ஆமா, ஆப்பிரிக்கால ரெண்டுக்கும் உண்டு. தும்பிக்கை நுனில நம்ம யானைக்கு ஒரு விரல், இதுக்கு ரெண்டு.

கூட்டம் கடந்து போனப்புறம் பின்னாடி தனியா ஒரு பெரிய கொம்பன் வந்தது. வயசான யானை, நெத்தி ரெண்டு பக்கமும் குழிஞ்சு, தந்தம் ஒன்னு நுனி உடைஞ்சு. எங்களை ஒரு பார்வை பாத்துட்டு அது பாட்டுக்கு போச்சு. அதைப் பாத்தப்போ தான் நான் படிச்சிட்டு வந்த கதைய எல்லாருக்கும் சொன்னேன், இங்க போறவங்க எல்லாரும் தெரிஞ்சிக்க வேண்டிய கதை இது.

80கள்ல இங்க யானை கொண்டு வந்தப்போ பெரிய யானைய ஏத்திட்டு வர்ற வசதி அந்தக் காலத்துல இல்ல. க்ரூகர்ல எண்ணிக்கைய குறைக்கறோம்னு சுட்டப்போ தப்பிச்ச குட்டிங்களைத்தான் கொண்டு வந்து விட்டாங்க. தாய் இல்ல, பாட்டி இல்ல, பெரிய ஆண் யானை ஒன்னு கூட இல்ல. அதுங்க வளந்து விடலைப் பருவம் வந்ததும் 90கள்ல காண்டாமிருகம் ஒவ்வொன்னா செத்துக் கிடக்க ஆரம்பிச்சுது, நாப்பதுக்கு மேல. கொம்பு அப்படியே இருக்கு, அதனால வேட்டைக்காரன் இல்ல. கடைசில பாத்தா இந்த இளம் ஆண் யானைங்க தான் குத்திக் கொன்னிருக்கு. பொதுவா ஆண் யானைக்கு 25, 30 வயசு வாக்குல தான் சரியா மதம் பிடிக்க ஆரம்பிக்கும், முதல்ல சில நாள் தான் இருக்கும். இங்க இருந்ததுங்களுக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே பிடிச்சு மாசக்கணக்கா நீடிச்சிருக்கு. 1998ல க்ரூகர்லேர்ந்து ஆறு பெரிய கொம்பனைக் கொண்டு வந்து விட்டாங்க. பெரியவன் ஒருத்தன் எதிர்ல வந்து நின்னாலே இளசுக்கு மதம் வடிஞ்சு போயிரும், இயற்கையோட ஏற்பாடு அப்படி. ஆறு யானை வந்ததும் கொலை நின்னு போச்சு. ஆராய்ச்சியாளர்கள் இதை 2000ல நேச்சர் இதழ்லயே எழுதியிருக்காங்க.

அப்பா இதைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாரு, "புதுக் காளைய ஏர்ல பழக்கும்போது பழகின மாட்டோட தான் ஜோடி கட்டுவோம். ரெண்டும் புதுசா கட்டினா கலப்பையும் போச்சு, ஆளும் போச்சு. இதுங்களுக்கு அப்படி கட்ட யாரும் இல்லாம போச்சே." அவருக்கு அந்தக் குட்டிங்க மேல தான் பாவமா இருந்துச்சு. எனக்கு அது வரைக்கும் காண்டாமிருகங்க மேல மட்டும் தான் இருந்துச்சு.

மதியம் மான்க்வே ஹைடுக்குப் போனோம். போற எல்லாருக்கும் நான் சொல்றது இது ஒன்னு தான், இங்க ஒரு மணி நேரமாவது உக்காருங்க. காரை நிறுத்திட்டு ரெண்டு பக்கமும் வேலி போட்ட நடைபாதைல போனா தண்ணிய ஒட்டி ஒரு மறைவிடம், பெஞ்சு போட்டிருக்காங்க, பாக்கறதுக்கு நீளமா சந்து விட்டிருக்காங்க. உள்ள போனா சத்தம் போடக் கூடாது. அம்மாவுக்கு முட்டி வலி, மெதுவா தான் நடந்தாங்க, ஆனா உக்காந்ததுக்கப்புறம் எழுந்திரிக்கவே மனசில்ல. முதல் பத்து நிமிஷம் ஒன்னும் இல்லாத மாதிரி இருக்கும், உடனே கிளம்பிராதீங்க, நாங்க இருக்கும்போதே ரெண்டு குடும்பம் வந்து ஒன்னும் இல்லைன்னு போயிட்டாங்க. கண்ணு பழகினப்புறம் தான் தெரியுது, பாறைன்னு நெனச்சது நீர்யானையோட முதுகு, கரைல கிடந்த மரக்கட்டை முதலை. நீர்யானை மூச்சு விடற சத்தம் கேட்டிருக்கீங்களா, லாரி ஏர் பிரேக் விடற மாதிரி இருக்கும், அதைக் கேட்டு என் பொண்ணு என் கையைப் பிடிச்சிக்கிட்டா. மீன் கழுகு ஒன்னு காஞ்ச மரத்து உச்சில உக்காந்து தலைய பின்னாடி சாச்சு கத்துச்சு, அந்தக் குரல் அணை மொத்தமும் எதிரொலிச்சுது. அப்புறம் இம்பாலா மான் கூட்டம் தண்ணிக்கு வந்தது, முன்னாடி வந்தது மட்டும் குனிஞ்சு குடிக்குது, மத்தது நிமிந்து காவல் நிக்குது, முதலை இருக்கற பக்கத்தை விட்டு தள்ளியே நிக்குது.

அங்க ஒரு பாட்டியம்மா எங்க பக்கத்துல உக்காந்திருந்தாங்க, எழுபத்தஞ்சு வயசு இருக்கும், நாங்க கிசுகிசுன்னு பேசறதைக் கேட்டுட்டு திரும்பி "வணக்கம்"னாங்க. டர்பன்காரங்களாம், சாட்ஸ்வொர்த். அவங்க தாத்தாவோட அப்பா காலத்துல கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், 1860ல மெட்ராஸ்லேர்ந்து முதல் கப்பல் டர்பன் வந்ததுலேர்ந்து அப்படி வந்தவங்க வாரிசு தான் அங்க இருக்கற நம்ம ஜனம். தமிழ் நாலு வார்த்தை தான் வருது, ஆனா "ஆயா", "தாத்தா", "சாமி" எல்லாம் சுத்தமா வருது. அவங்க பைனாகுலரை அம்மா கைல குடுத்து எப்படி திருப்பணும்னு காட்டினாங்க. அம்மா பதிலுக்கு ரெண்டு பொடி இட்லி குடுத்தாங்க. பாஷை ஒன்னும் தேவைப்படல, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அந்தப் பைனாகுலர்ல முதலைய பாத்துக்கிட்டு இருந்தாங்க.

சாப்பாடு நடுவுல இருக்கற பிலானெஸ்பர்க் சென்டர்ல, முன்னாடி மாஜிஸ்திரேட் கோர்ட்டா இருந்த கட்டடம், அங்க பாத்ரூம் இருக்கு, இறங்கி நடக்கலாம். காரை விட்டு இறங்க அனுமதி இந்த மாதிரி குறிச்ச இடங்கள்ல மட்டும் தான், வேற எங்கயும் கதவைத் திறக்கக் கூடாது. தயிர்சாதத்தை திறந்தப்போ குரங்கு ரெண்டு வந்து எட்ட நின்னு பாத்துட்டு இருந்துச்சு, டப்பாவ மூடி மூடி சாப்பிடணும், ஒரு பருக்கை கூட போடாதீங்க, மனுஷன் கை சோத்துக்கு பழகின குரங்கு கடைசில சாக வேண்டியது தான் ஆகுது.

மூனு மணி வாக்குல காண்டாமிருகம் பாத்தோம். அதுவும் அப்பாவால தான், ரோட்டோரத்துல குமிஞ்சு கிடந்த சாணிக் குவியலைக் காட்டி "ஒரே எடத்துல திரும்பத் திரும்ப போட்டிருக்கு, பக்கத்துல தான் இருக்கும்"னாரு. ஆண் காண்டாமிருகம் எல்லை காட்ட அப்படித்தான் பண்ணும். இருநூறு மீட்டர் தள்ளி அம்மாவும் குட்டியும் மேஞ்சிட்டு இருந்துச்சு, வெள்ளைக் காண்டாமிருகம், வாய் அகலம், தலை தரையோட தரையா. கிட்ட வந்தப்போ தான் தெரிஞ்சுது, கொம்பு இல்ல. வெட்டின மொட்டைத் தழும்பு. வேட்டைக்காரங்க வந்து கொல்லாம இருக்க காப்பகத்துக்காரங்களே மயக்க ஊசி போட்டு அறுத்து விட்டிருக்காங்க. கொம்பு நம்ம நகம் மாதிரி கெரட்டின் தான், வலிக்காது, திரும்ப வளரும், வளந்தா திரும்ப அறுக்கணும். நூத்தி முப்பது வருஷம் முன்னாடி தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் மொத்தமே நூறு கூட இல்லாம இந்த நாட்டுல ஹ்லூஹ்லூவே இம்ஃபலோசிங்கற காட்டுப் பக்கம் மட்டும் தான் மிஞ்சியிருந்துச்சு, 1960கள்ல இயன் ப்ளேயர்ங்கறவர் தலைமைல அதைப் பெருக்கி மத்த காடுகளுக்கு அனுப்பினாங்க. அவ்வளவு பாடுபட்டு மீட்டதை இன்னைக்கு முகத்தைச் சிதைச்சு தான் காப்பாத்த வேண்டியிருக்கு. எனக்கு அந்தத் தாய் முகத்தை ரொம்ப நேரம் பாக்க முடியல. குட்டி அது பாட்டுக்கு அம்மா காலுக்குள்ள புகுந்து புகுந்து வந்துச்சு.

இங்க ஒரு வேண்டுகோள். காண்டாமிருகம் போட்டோ போடும்போது எந்த ரோடு, எந்த இடம்னு எழுதாதீங்க, போன்ல லொகேஷனை ஆப் பண்ணிட்டு எடுங்க. வேட்டைக் கும்பல் இதையெல்லாம் பாத்து தான் வருது. நானும் அதனால தான் இடம் எழுதல.

மத்தபடி போறவங்களுக்கு: கட்டணம் அப்பப்ப மாறுது, போறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. ஐடி இல்லன்னா பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போங்க. பைனாகுலர் கண்டிப்பா வேணும், வாடகைக்கோ கடனாவோ வாங்கிக்கோங்க. வயசானவங்க இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் இருக்கற இடத்தை மேப்ல குறிச்சு வச்சு அதை வச்சே ரூட்டு போடுங்க, நாங்க அப்படிப் பண்ணினதால அம்மா நிம்மதியா இருந்தாங்க. ஸ்கூல் லீவு சனி ஞாயிறு தவிர்த்து புதன் வியாழன் போங்க. சாயங்காலம் அஞ்சேகாலுக்கே கேட்டைப் பாக்க திரும்பிருங்க, 40ல தான் போக முடியும், வழில யானை நின்னா அது போற வரைக்கும் நிக்கணும்.

எங்களுக்கும் அப்படித்தான் ஆச்சு. அஞ்சரைக்கு சூரியன் சாயற நேரம், அந்த எரிமலை வட்ட மலை மொத்தமும் செம்மண் நிறத்துக்கு மாறிருச்சு, ரோட்டு நடுவுல காலைல பாத்த அதே உடைஞ்ச தந்தக்காரன். பன்னெண்டு நிமிஷம் நின்னோம். யாரும் போனை எடுக்கல. அம்மா கைய கூப்பிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. கேட்டைத் தாண்டும்போது மணி ஆறுக்கு நாலு நிமிஷம் தான் பாக்கி.

ராத்திரி ஒன்பதுக்கு வீடு. ஊருக்குப் போன் போட்டு சித்தப்பாகிட்ட அப்பா முக்கால் மணி நேரம் பேசினாரு, சிங்கத்துக்கு ஒரு வரி, மிச்சம் முழுக்க அந்தக் கொம்பன். அடுத்த ஜூலைக்கு தங்கச்சி குடும்பம் வர்றாங்க, டூர் வண்டி கிடையாது, கேட் திறந்ததும் நம்ம கார்லயே நேரா மான்க்வே ஹைடுக்கு, பைனாகுலர் நேத்தே ஆர்டர் போட்டுட்டேன்.